மேற்கோட் புதிரும் தமிழ்ப் பயிற்சியும்

வாரந்தோறும் வரும் பத்திரிகை மலரில் கதையும் கவிதையும் கட்டுரையும் படித்து முடித்த பின்னும் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். அது கட்டங்கள் வரைந்த புதிர்ப் பகுதி. அதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவோர் பலர். சொல்லைத் தேடிக் கட்டத்தில் இடுவதால் யாது பயன் என்று வினவும் புலவரும் உளர். பொதுவான குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றி அவர்கள் அவ்வாறு கூறின் நாம் பெரிதும் வாதாடப் போவதில்லை. ஆயின் புதிர்களுள் வேறொரு வகை உண்டு. அதன் கட்டங்களை நிரப்பி முடித்தால் தனிச் சொற்கள் மட்டுமன்றி, ஒரு நூலினின்றும் எடுத்த மேற்கோள் ஒன்றும் முழுமையாக வெளிப்படும். அதனை இயற்றிய ஆசிரியர் பெயரும் உடன் வெளிப்படும். இந்த மேற்கோட் புதிர் தமிழ் வார மலர்களில் நிலையான இடம் பெறத் தக்கது. ஆங்கிலப் புதிரின் நகலாக அல்லாமல், தமிழிலக்கணத்திற்கு இயைந்த வடிவில் அது அவ்விடத்தைப் பெறவேண்டும். இவ்விரண்டுமே இன்று நாம் வற்புறுத்த விரும்புவன.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹேவாஹெட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறிச் செல்லும் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியைச் சேர்ந்ததே. இங்குள்ள தோட்டப் பிள்ளைகள் பலருடைய வீடுகளில் பாடநூலன்றி வேறு நூல் இராது; அகராதி உள்ள வீடு அரிதினும் அரிது. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குச் சென்ற தகப்பனார் அரிசியோடும் கருவாட்டோடும் வாங்கி வரும் பத்திரிகையே அவ்வீட்டின் நூலகம். ஒரு பிரதி லயத்தில் நான்கு வீடுகளுக்குச் செல்லும். அப்பிரதியில் எவ்வளவு தமிழ் இருக்கின்றதோ அவ்வளவே அப்பிள்ளைகளுக்கு அவ்வாரம் பாடசாலைக்கு வெளியே கிடைக்கும் எழுத்துத் தமிழ். ஆகவே வார மலரின் ஒரு மூலையில் இடும் சிறு கட்டமாயினும், அதனுள் எதனை வைக்கின்றோம் என்பது அற்பமான காரியம் அன்று.

புதிரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இக்காலக் குறுக்கெழுத்துப் புதிரின் முதல் வடிவத்தை ஆர்தர் வின் என்பவர் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் 1913 டிசம்பர் 21 ஆம் திகதி ஞாயிறு இதழில் வெளியிட்டார். அது விரைவில் உலகெங்கும் பரவிற்று. மேற்கோட் புதிரோ அதற்கு இருபதாண்டு பிந்தியது. எலிசபெத் கிங்ஸ்லி என்னும் அம்மையார் அதனை வகுத்தார். அவர் வெல்லெஸ்லிக் கல்லூரியில் பயின்றவர். ஆசிரியப் பணி புரிந்தவர். குறுக்கெழுத்துப் புதிரில் சொல் உண்டு, இலக்கியம் இல்லை என்பது அவருக்குக் குறையாகத் தோன்றிற்று. பழம்புலவர் நூல்களின்பால் மக்கள் மனத்தை மீண்டும் திருப்புதற்குப் புதிரையே கருவியாக்கினார். 1934 மார்ச் 31 ஆம் திகதி சற்றர்டே ரிவியூ என்னும் இலக்கிய வார இதழில் அவருடைய முதற் புதிர் வெளிவந்தது. டெனிசன் பாடிய ‘யுலிசீஸ்’ என்னும் பாட்டின் பகுதி அதனுள் மறைந்திருந்தது. ஓர் ஆசிரியை இலக்கியப் பற்றினால் வகுத்த முறை இது என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

அதன் அமைப்பு இது. ஒரு புறம் குறிப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு சொல் விடை. விடையின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மறுபுறம் எண்ணிட்ட கட்டங்கள் நீண்டு கிடக்கும். விடைச் சொல்லின் எழுத்துக்களை அவ்வவ் எண்ணுக்குரிய கட்டங்களில் இட இட, மேற்கோள் சிறிது சிறிதாக உருப்பெறும். விடைகளின் முதலெழுத்துக்களை மேலிருந்து கீழாகப் படித்தால் ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் வரும். குறிப்பால் மேற்கோள் விளங்குவது ஒரு வழி. பாதி விளங்கிய மேற்கோளைக் கொண்டு, அறியாத குறிப்பின் விடையை அறிவது மற்றொரு வழி. இவ்விரு வழியிலும் மாறி மாறிச் செல்லும் போக்கே இப்புதிரின் உயிர்.

இத்தகைய விளையாட்டு தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியைக் கூறினார். யாழ்ப்பாணத்தார் நொடி என்பதும் மலையகத்தார் விடுகதை என்பதும் அதன் வழிவந்தனவே. தண்டியலங்காரம் சித்திரகவிகளை வகுத்துரைக்கும்போது காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், வினாவுத்தரம் என்பவற்றையும் கூறுகின்றது. ஒரு செய்யுளை ஈற்றிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் பின்னோக்கிப் படிக்க வேறொரு செய்யுள் தோன்றுமாறு பாடுவது காதைகரப்பு. ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்குள்ளே மற்றொரு செய்யுள் மறைந்து உறைவது கரந்துறைச் செய்யுள். வினாவுத்தரமோ நம் புதிருக்கு மிக அணித்தானது. பல வினாக்களுக்கு வரும் விடைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சொல்லோ தொடரோ ஆகவேண்டும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். கடவுளைக் குறிக்கும் ஓரெழுத்தொருமொழி யாது? தே. மரக்கிளையில் தளிராகத் தோன்றிச் சருகாக உதிர்வது யாது? இலை. இவ்விரண்டும் கூடியவழி ஹேவாஹெட்ட மலைச்சரிவெங்கும் பசுமையாக நிற்பது எது? தேயிலை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதனை விடுவிப்பானாயின், நன்னூல் கூறும் நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்றனையும் உடம்படுமெய்யையும் உடன் கற்றுவிடுகின்றான். பழைய சித்திரகவி புலவரின் ஆற்றலைக் காட்டுதற்கு எழுந்தது. மேற்கோட் புதிர் படிப்போரின் ஆற்றலை வளர்த்தற்கு உரியது. பழையதன் கருவியைப் புதியதன் நோக்கத்திற்குப் பயன்படுத்துவதில் தவறொன்றும் இல்லை.

இனி, ஆங்கில முறையை அவ்வாறே தமிழில் எடுத்தாள முடியுமா என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. அவற்றுள் எதுவும் ஒரு சொல்லுக்கு முதலாக வரலாம். தமிழில் எழுத்துக்கள் 247. அவற்றுள் மொழிக்கு முதலாவன இவை, ஆகாதன இவை என்ற வரையறை உண்டு. கம்பர் என்ற பெயரில் க, ம், ப, ர் என நான்கு எழுத்துக்கள். அவற்றுள் மெய்யெழுத்து இரண்டும் மொழிமுதல் ஆகா. இளங்கோ என்பதில் ளகரமும் ஙகர மெய்யும் அத்தகையன. திருவள்ளுவர் என்பதன் ஏழெழுத்தில் தி, வ, வ என்னும் மூன்றே முதலாதற்கு உரியன. ஔவையார் என்பதிலோ முதல் மூன்றும் முதலாதற்கு உரியனவாயினும், சிறப்புப் பற்றி வந்த ரகர ஈறு இடர் செய்கின்றது. நாம் புலவரை மதித்து அழைக்கும் முறையே ஆங்கிலப் புதிரின் வாயிலை அடைத்துவிடுகின்றது!

இதற்குப் பரிகாரம் எளிது. விடைகளின் முதலெழுத்தையே கொள்ளவேண்டும் என்ற விதியைக் கைவிட்டு, ஒவ்வொரு விடையிலும் ஓர் எழுத்தை வட்டமிட்டுக் காட்டலாம். மகர மெய் வேண்டின் ‘அறம்’ என்பதன் ஈறு உதவும். ரகர மெய்க்கு ‘வேர்’ உதவும். ஙகர மெய்க்குச் ‘சங்கம்’ உண்டு. ‘ளு’ வேண்டுமாயின் ‘உள்ளுறை’ என்னும் இலக்கணச் சொல் காத்திருக்கின்றது. இவ்வாறு வட்டமிட்ட எழுத்துக்களை மேலிருந்து கீழாகப் படித்தால் ஆசிரியர் பெயர் வரும். தமிழின் மரபும் கெடாது.

அடுத்தது புணர்ச்சி. ‘மலை’ என்பது இரண்டு கட்டம். ‘அகம்’ என்பது மூன்று கட்டம். சேர்ந்து ‘மலையகம்’ ஆனபோதும் கட்டங்கள் ஐந்தே. ஆயின் அகரம் நின்ற கட்டத்தில் இப்போது யகரம் நிற்கின்றது. குறிப்புக்கு ‘அகம்’ என்று விடை எழுதிய மாணவன் மேற்கோளிலே ‘ய’ என்பதைக் காணும்போது மயங்குவான். ஆகையால் புதிர் அமைப்போர் யகரத்தைப் ‘பயன்’ போன்ற வேறொரு சொல்லினின்றும் கொணர்தல் வேண்டும். மேற்கோளில் உள்ள புணர்ச்சியைத் தம் வசதிக்காகப் பிரித்து எழுதிவிடலாகாது. பிரித்தறிதல் விடுவிப்போர் கடமை. அதுவே பதம் பிரிக்கும் பயிற்சி. வகுப்பறையில் கரும்பலகை முன் நின்று எத்தனை முறை கூறினும் பதியாத உடம்படுமெய், ஒரு கட்டத்தில் தானே கண்டுபிடித்த மாணவனுக்கு வாழ்நாளில் மறவாது.

எழுத்து 247 ஆயின் ஊகித்தல் கடினமன்றோ என்று சிலர் ஐயுறலாம். கடினமே, ஆயின் துணையும் மிகுதி. வெற்றுக் கட்டத்திற்கு முன் ‘ங்’ நிற்பின், அடுத்து வருவது பெரும்பாலும் ககர வருக்கமே. ‘ஞ்’ நிற்பின் சகர வருக்கம்; ‘ந்’ நிற்பின் தகர வருக்கம். க், ச், த், ப் என்பன தம் முன்னே தாமே வருவன. ர், ழ் என்னும் இரண்டும் தம் முன்னே தாம் வருதல் இல்லை. மெய்ம்மயக்கம் என்று நன்னூலில் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன விதி, புதிர்க் கட்டத்தில் கைவிளக்காகி வழிகாட்டுகின்றது. மேற்கோள் செய்யுளாயின் துணை இன்னும் பெருகும். குறள் வெண்பாவில் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். மிகப் பல குறள்களில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை அமையும். முதலடியின் இரண்டாம் எழுத்து வெளிப்பட்டதும் இரண்டாமடியின் இரண்டாம் எழுத்தைத் துணிந்து இட்டுப் பார்க்கலாம். தளை பிழைத்தால், இட்ட சொல் பிழை என்று யாப்பே சொல்லிவிடும்.

இவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்டு இழந்தவற்றை அறிதல் நம் பதிப்பாசிரியர்கள் கைக்கொண்ட நெறியாகும். கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் ஏடுகளில் கண்டது என்ன? செல்லரித்த இடங்கள், புள்ளியிடாத மெய்கள், எகர ஏகார வேறுபாடு தோன்றாத வரிகள். யாப்பையும் எதுகையையும் உரையையும் பிற நூல்களில் வந்த மேற்கோள்களையும் துணைக்கொண்டு அவர்கள் பாடத்தைத் துணிந்தனர். துணிய இயலாத இடத்தை வெற்றிடமாகவே விட்ட நேர்மையும் அவர்களுக்கு இருந்தது. புதிரை விடுவிக்கும் மாணவன் பதிப்பாசிரியன் ஆகிவிடமாட்டான். எனினும் அவர்கள் பட்ட பாட்டின் சுவையை ஓர் ஓய்வுநாட் பொழுதில் அவன் அறிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. அது மேற்கோளின் நேர்மை. இன்று மேடைகளில் மேற்கோள் பெருகிவிட்டது, செம்மை அருகிவிட்டது. குறளின் ஒரு சீரை விட்டுவிடுவோரும், ஒரு சீரை மாற்றிச் சொல்வோரும், ஔவையார் வாக்கை வள்ளுவர் வாக்கு என்போரும் கைதட்டல் பெற்றுச் செல்கின்றனர். கைத்தொலைபேசி வந்தபின் நிலைமை மேலும் மோசமாயிற்று. பாரதியார் எழுதாத வரி பாரதியார் படத்தின் கீழ் உலா வருகின்றது. அப்துல் கலாம் கூறாத அறிவுரை அவர் பெயரால் நாள்தோறும் பிறக்கின்றது. மாணவர் அதனைக் கட்டுரையில் எழுதுகின்றனர்; ஆசிரியர் சிலர் அதற்குப் புள்ளியும் இடுகின்றனர். சொன்னவர் யார் என்பதில் கவலையில்லாத சமூகம் நாளடைவில் சொன்னது என்ன என்பதிலும் கவலையற்றுப் போகும். மேற்கோட் புதிரில் இது நடவாது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் அதனோடு தொடர்புடைய விடை கெடும். விடை கெட்டால் ஆசிரியர் பெயர் கெடும். எழுத்து, சொல், ஆசிரியர் என்ற மூன்றும் ஒன்றையொன்று காத்து நிற்கும்படி அமைந்த பயிற்சி இதனைப்போல் வேறொன்றை நாம் அறியோம்.

பரிசு பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். எஸ். எஸ். வாசன் 1928 இல் ஆனந்த விகடனை ஏற்று நடத்தத் தொடங்கிய பின், அதில் வந்த குறுக்கெழுத்துப் போட்டி வாசகரைப் பெரிதும் ஈர்த்தது. பணப்பரிசுப் போட்டிகள் இந்தியாவெங்கும் பெருகிய காலமும் வந்தது. ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும். நடத்துவோர் மூடி வைத்த உறையில் எது இருக்கின்றதோ அதுவே சரி எனப்படும். இது கல்வியோ சூதோ என்ற வினா எழுந்தது. இந்திய நாடாளுமன்றம் 1955 ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றி, மாதத்திற்கு ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பரிசை விலக்கிற்று. சூதின் தன்மையுள்ள போட்டிகளையே அச்சட்டம் கட்டுப்படுத்தும் என்றும், பெரும்பாலும் அறிவுத் திறனால் வெல்வனவற்றைக் கட்டாது என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1957 இல் தீர்ப்பளித்தது. மேற்கோட் புதிர் இவ்வையத்திற்கே இடந்தராது. அதற்கு மூடிய உறை வேண்டுவதில்லை. மூல நூலே விடை. நூலைத் திறந்து பார்த்து எவரும் தம் விடையைத் தாமே சரிபார்க்கலாம். ஆகவே பரிசளிக்க விரும்பும் பத்திரிகை பணத்தை விடுத்து ஒரு நூலை அளிக்கட்டும். அகராதி இல்லாத வீட்டிற்கு ஓர் அகராதி செல்லுமாயின் அதனினும் சிறந்த பரிசு வேறில்லை.

கைத்தொலைபேசியில் இரண்டு சொல்லை இட்டால் மேற்கோள் முழுதும் வந்துவிடுமே, பின் புதிர் எதற்கு என்று இளைஞர் கேட்பர். மலையுச்சிக்குப் பேருந்து செல்கின்றது என்பதற்காக நடப்பதை எவரும் விடுவதில்லை. நடந்தவனுக்கே காலில் வலிமை ஏறுகின்றது. ஆயினும் இவ்வினாவில் ஓர் உண்மை உண்டு. எல்லாரும் அறிந்த வரிகளையே மீண்டும் மீண்டும் இடுவோமாயின் இரண்டு சொல் வெளிப்பட்டதும் புதிர் முடிந்துவிடும். ஆகவே அறியப்படாத நூல்களையும் நாடவேண்டும். இங்கேதான் மலையகத்திற்கு ஒரு வாய்ப்பு இருக்கின்றது. ஆபிரகாம் ஜோசப் இயற்றி 1869 இல் வெளிவந்த கோப்பிக் கிருஷிக் கும்மி, அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் பாடிய கண்டிக் கலம்பகம், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்ட மக்களின் நாட்டுப் பாடல்கள் என்பவற்றைக் கையால் தொட்ட மாணவர் எத்தனை பேர்? கம்பரும் இளங்கோவும் வெளிப்படும் அதே கட்டங்களிலிருந்து தன் மலையைப் பாடியவரின் பெயரும் ஒரு வாரம் வெளிப்படக் கண்ட பிள்ளை, தமிழிலக்கியம் எங்கோ தொலைவில் நடந்த செய்தி என்று எண்ணமாட்டான்.

மற்றொரு தடை, நூலைத் துண்டு துண்டாக்குகின்றோம் என்பது. அதற்கும் வழியுண்டு. விடை வெளியிடும் வாரத்தில் மேற்கோளை மட்டும் அச்சிடாது, அப்பாட்டு முழுவதையும் பொருளுடனும் இடஞ்சுட்டியும் அச்சிடல் வேண்டும். எந்தப் பதிப்பின் பாடத்தைக் கொண்டோம் என்பதையும் கூறல் வேண்டும். பரிமேலழகர் கொண்ட குறள் வைப்புமுறையும் மணக்குடவர் கொண்டதும் வேறுபடுகின்றன, பாடபேதங்களும் உள. பதிப்பைச் சுட்டாது எண்ணை மட்டும் தருவது போதாது. வேறு பாடம் கண்டோர் எழுதும் கடிதத்திற்கும் இடம் அளித்தால், புதிர்ப் பகுதியே ஒரு சிறிய ஆராய்ச்சி மன்றமாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகை தொடங்கட்டும் என்று காத்திராதீர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு குறளை எடுத்து, அதன் எழுத்துக்களை எண்ணி, அவ்வெழுத்துக்களால் ஆகும் சொற்களை மாணவரைக் கொண்டே ஆக்குவியுங்கள். குறிப்புகளையும் அவர்களே எழுதட்டும். விடுவிப்பதினும் அமைப்பது கடினம். கடினமாகையால் பயனும் அதிகம். சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமன்றி இதற்கு வேறு செலவில்லை. மேல்வகுப்பார் அமைத்த புதிரைக் கீழ்வகுப்பார் விடுவித்தால், இரு வகுப்பாரும் ஒரு பாட்டைப் பிழையறக் கற்றவராவர். பத்திரிகையாளரும் தம் பங்கிற்கு வார மலரில் ஓர் அரைப்பக்கம் ஒதுக்கி, தமிழறிந்தார் ஒருவரிடம் அதனை ஒப்படைக்கட்டும். பிழையற அச்சிட்ட ஒரு பாட்டு, அதனை இயற்றியவரின் பெயரோடு, வாரம் ஒன்றாக லயத்து வீட்டுக்குள் செல்லுமாயின் ஓராண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட பாட்டுக்கள் சென்றிருக்கும். அவ்வளவு பாட்டும் பிழையின்றி மனத்திற் கொண்ட மாணவனைத் தமிழில் ஏழையென்று எவரும் சொல்லார்.